தீர்ப்புத் தாளை எடுத்துப் படியுங்கள்

வழக்கறிஞரான எனக்கு நியூ ஜெர்சியிலிருந்து ஒரு சகோதரி எழுதியிருக்கிறார். அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றிவிட்டு, கடிதத்தின் சாரத்தை மட்டும் தருகிறேன்.

அவர் தஞ்சாவூர்ப் பக்கம். ஹெச்-1பி விசாவில் வந்து இப்போது கிரீன் கார்டு வைத்திருக்கிறார். கணவர் யாழ்ப்பாணத்தில் பிறந்தவர், அமெரிக்கக் குடிமகன் ஆகிவிட்டார். கணவரின் தம்பி 2012-ல் மெக்சிகோ எல்லை வழியாக, யாரிடமும் பிடிபடாமல் உள்ளே வந்தவர். விவரம் தெரியாமல், வந்த ஒரு வருடத்துக்குள் கேட்க வேண்டும் என்ற கெடு முடிந்த பிறகுதான் தஞ்சம் கேட்டு மனுப் போட்டிருக்கிறார். 2016-ல் குடியேற்ற நீதிபதி தஞ்சத்தை மறுத்துவிட்டு, இலங்கைக்கு இவரை அனுப்பக் கூடாது என்று மட்டும் தீர்ப்பளித்தார். அன்றிலிருந்து ஒரு கிடங்கில் வேலை. வருடத்துக்கு ஒரு தடவை நியூவார்க் ஐசிஇ (குடியேற்ற அமலாக்கத் துறை) அலுவலகத்தில் போய்க் கையெழுத்து. போலீஸ் வழக்கு எதுவும் கிடையாது. அடுத்த கையெழுத்து நாள் நெருங்கிக்கொண்டிருக்கிறது. இதற்கிடையில் திருச்சியில் இருக்கும் அம்மாவுக்குப் பக்கவாதம் வந்துவிட்டது. ‘ஒரு தடவை பார்த்துவிட்டு வந்துவிடுகிறேன்’ என்கிறாராம் தம்பி.

கில்மர் அப்ரேகோ கார்சியா என்ற எல் சால்வடோர்காரரைத் தவறாக நாடு கடத்திய செய்தி வந்ததிலிருந்து இவர்களின் நட்பு வட்டத்தில் ஒரே சண்டை. கிரீன் கார்டுக்காகப் பன்னிரண்டு வருடம் காத்திருக்கும் ஒரு நண்பர், பிறந்தநாள் விருந்தில் எல்லோர் முன்னாலும், “சட்டப்படி வரிசையில் நிற்கிற நாங்க என்ன முட்டாளா? திருட்டுத்தனமா வந்தவனுக்கு என்ன உரிமை?” என்று கேட்டிருக்கிறார். அதோடு, இலங்கைத் தமிழர் ஒருவரின் வழக்கையே உச்ச நீதிமன்றம் தள்ளுபடி செய்துவிட்டதாக ஒரு செய்தியையும் எல்லோருக்கும் அனுப்பியிருக்கிறார். நம் சகோதரி அதைப் பொய்ச் செய்தி என்று தள்ளிவிட்டு, பதிலுக்கு, “கில்மர் வழக்கில் உச்ச நீதிமன்றமே சொல்லியாச்சு, இனிமே இந்த மாதிரி தீர்ப்பு இருக்கிறவங்களை யாரும் தொட முடியாது” என்றிருக்கிறார். கணவரும் நண்பரும் இப்போது பேசிக்கொள்வதில்லை. வீட்டில் கணவர், ‘கையெழுத்துக்குப் போகவே வேண்டாம், போனால் பிடித்துவிடுவார்கள்’ என்கிறார். யார் சொல்வது சரி, கையெழுத்துக்குப் போவதா வேண்டாமா, அம்மாவைப் பார்க்க வழி உண்டா, அண்ணன் குடிமகன் என்பதால் தம்பிக்கு மனுப் போடலாமா, தானே ஒரு கண்டன ஊர்வலத்தில் கலந்துகொள்ளலாமா என்று கேட்டிருக்கிறார்.

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். கொழுந்தனாரின் நிலைமை கில்மர் கார்சியாவின் நிலைமைக்கு எவ்வளவு பக்கத்தில் இருக்கிறது என்பது உங்களுக்கு முழுதாகத் தெரிந்திருக்கிறதா என்று எனக்குச் சந்தேகம். அதனால் அந்த வழக்கிலிருந்தே ஆரம்பிக்கிறேன். நண்பரோடு நடந்த சண்டைக்கும் வீட்டில் நடக்கும் சண்டைக்கும் விடை அங்கேதான் இருக்கிறது.

அந்த வழக்கில் நடந்தது என்ன

கில்மர் கார்சியா பதினாறு வயதில், 2011 வாக்கில், எல்லை தாண்டி வந்தவர். 2019-ல் மேரிலாந்தில் பிடிபட்டார். அவரும் ஒரு வருடக் கெடுவைத் தவறவிட்டவர்தான், அதனால் தஞ்சம் கிடைக்கவில்லை. ஆனால், ஊரில் அவருடைய குடும்பம் நடத்திய சிறு உணவு வியாபாரத்தை மிரட்டிப் பணம் பறித்த கும்பல் ஒன்று அவரைக் கொன்றுவிடுவதாகச் சொன்னது என்பதை நீதிபதி நம்பினார். எல் சால்வடோருக்கு அனுப்பக் கூடாது என்று தீர்ப்பு எழுதினார். அரசு மேல்முறையீடு செய்யவில்லை. அவருக்கு வேலை அனுமதி கிடைத்தது. தகரத் தொழில் கற்றுக்கொண்டு வேலை பார்த்தார். வருடா வருடம் ஐசிஇ-யில் கையெழுத்துப் போட்டார்.

2025 மார்ச் 12-ந் தேதி, ஐந்து வயது மகனோடு காரில் போய்க்கொண்டிருந்தவரை நிறுத்திக் கைது செய்தார்கள். மூன்றே நாளில், மார்ச் 15-ந் தேதி விமானத்தில் ஏற்றி, எந்த நாட்டுக்கு அனுப்பக் கூடாது என்று நீதிபதி எழுதினாரோ அதே நாட்டின் செகோட் பெருஞ்சிறைக்கு அனுப்பிவிட்டார்கள். நீதிமன்றத்தில் ஐசிஇ அதிகாரியே இதை ‘நிர்வாகப் பிழை’ என்று எழுதிக் கொடுத்தார். பிழை நடந்தது உண்மை என்று நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்ட அரசு வழக்கறிஞரை வேலையை விட்டே நீக்கினார்கள்.

ஏப்ரல் 10-ந் தேதி உச்ச நீதிமன்றம் உத்தரவு போட்டது. எந்த நீதிபதியும் எதிர்ப்புக் குறிப்பு எழுதவில்லை. நீங்கள் சொல்வதும் இதைத்தான். ஆனால் அந்த உத்தரவு சொன்னது இவ்வளவுதான்: அவரை எல் சால்வடோரின் பிடியிலிருந்து விடுவிக்க அரசு வழிசெய்ய வேண்டும், தவறாக அனுப்பப்படாமல் இருந்திருந்தால் வழக்கு எப்படி நடந்திருக்குமோ அப்படி நடத்த வேண்டும். வெளியுறவு விஷயத்தில் அரசுக்கு உள்ள அதிகாரத்தை மதிக்க வேண்டும் என்றும் அதே உத்தரவில் இருக்கிறது. இத்தனை நாளுக்குள் கொண்டுவா என்று அதில் இல்லை. ‘இனி யாரையும் தொட முடியாது’ என்பது அதில் எங்குமே இல்லை.

ஜூன் 6-ந் தேதி அவரைத் திரும்பக் கொண்டுவந்தார்கள். டென்னசியில் 2022-ல் நடந்த ஒரு வாகனச் சோதனையை வைத்து, ஆவணமற்ற குடியேறிகளை வண்டியில் ஏற்றிப் போனார் என்ற குற்றச்சாட்டோடுதான் கொண்டுவந்தார்கள். தான் குற்றவாளி இல்லை என்று அவர் வாதாடினார். ஆகஸ்டில் ஜாமீனில் வந்தவரை மூன்றே நாளில் ஐசிஇ மறுபடி பிடித்தது. இந்தத் தடவை எல் சால்வடோர் என்ற பேச்சு இல்லை. உகாண்டா, எஸ்வாட்டினி, கானா, லைபீரியா என்று ஒவ்வொரு நாடாகச் சொன்னார்கள். அவர் வாழ்நாளில் கால் வைக்காத நாடுகள். கடைசியில் டிசம்பர் 11-ந் தேதி நீதிபதி பவுலா சினிஸ் அவரை விடுவிக்கச் சொன்னார். காரணத்தைக் கவனியுங்கள்: 2019-ல் எழுதிய தீர்ப்பில் நாடு கடத்தும் உத்தரவு என்ற ஒன்றே எழுதப்படவில்லை என்று அவர் கண்டார். உத்தரவே இல்லாதபோது எதை நிறைவேற்ற அவரைப் பிடித்து வைத்திருக்கிறீர்கள் என்பதுதான் கேள்வி. மறுநாளே, விட்டுப்போன அந்த வரியைச் சேர்த்து ஒரு குடியேற்ற நீதிபதி திருத்திய உத்தரவு கொடுத்ததும், மறுபடி பிடிக்கக் கூடாது என்று சினிஸ் தடை போட்டதும் தனிக் கதை.

ஒரு மனிதனின் விடுதலை, ஆறு வருடத்துக்கு முந்தைய தாளில் ஒரு வரி இருக்கிறதா இல்லையா என்பதில் வந்து நின்றது. இந்தப் பதிலுக்கு நான் வைத்திருக்கும் தலைப்பு அதனால்தான்.

நண்பர் சொன்னதில் எது சரி, எது தவறு

முதலில் அவருடைய கோபத்தைப் பற்றி. அது பொய்க் கோபம் இல்லை. எந்த ஒரு நாட்டுக்கும் வருடத்து கிரீன் கார்டில் 7 சதவீதத்துக்கு மேல் கிடையாது என்ற வரம்பால் இந்தியாவில் பிறந்தவர்கள் படும் பாட்டை அருகிலிருந்து பார்ப்பவன் நான். பிள்ளைக்கு 21 வயது ஆகிவிட்டால் அது இந்த வரிசையிலிருந்தே கழன்றுவிடுமே என்ற பயத்தில் தூங்காத பெற்றோர்கள் என்னிடம் வருகிறார்கள். ஆனால் அந்த வரிசை நகராமல் நிற்பதற்குக் காரணம் அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ் போட்ட அந்த வரம்பு. கில்மர் கார்சியாவுக்கு ஒரு விசாரணை கிடைத்ததால் உங்கள் நண்பரின் வரிசை ஒரு நாள்கூடத் தள்ளிப்போகவில்லை. உங்கள் கொழுந்தனாருக்குக் கிடைத்ததும் கிரீன் கார்டு இல்லை. அந்த வரிசையில் அவர் பெயரே கிடையாது.

குடிமகன் அல்லாதவனுக்கு அரசியலமைப்பில் உரிமை இல்லை என்பது சுத்தமாகத் தவறு. முறையான சட்ட நடைமுறை ‘எந்த நபருக்கும்’ உண்டு என்றுதான் ஐந்தாவது திருத்தம் சொல்கிறது. 1886-ல் சான் பிரான்சிஸ்கோவில் சலவைக் கடை நடத்திய சீனர்களின் வழக்கில், பதினான்காவது திருத்தத்தின் பாதுகாப்பு வெளிநாட்டவருக்கும் உண்டு என்று உச்ச நீதிமன்றம் சொல்லியாகிவிட்டது. சட்டவிரோதமாக இருந்த சீனர்களை விசாரணையே இல்லாமல் கடின உழைப்புச் சிறைக்கு அனுப்பிய சட்டத்தை 1896-ல் ரத்து செய்தது. சீனர்கள் மீது வெறுப்பு உச்சத்தில் இருந்த காலத்தில் வந்த தீர்ப்புகள் இவை.

ஆனால் அவர் அனுப்பிய அந்த இலங்கைத் தமிழர் வழக்கு உண்மை. அதை நீங்கள் பொய்ச் செய்தி என்று தள்ளியிருக்கக் கூடாது. 2017 ஜனவரியில் சான் யிசிட்ரோ பக்கம் எல்லையைத் தாண்டி 25 கஜ தூரத்திலேயே பிடிபட்டவர் துரைசிங்கம். வேனில் வந்தவர்கள் தன்னைக் கடத்தி அடித்ததாக முதல்கட்ட நேர்காணலில் சொன்னார். தஞ்ச மனுவுக்குப் போதிய அச்சம் நிரூபிக்கப்படவில்லை என்று முடிவு வந்தது. அதை எதிர்த்து அவர் ஆட்கொணர்வு மனுப் போட, 2020 ஜூனில் உச்ச நீதிமன்றம் 7-க்கு 2 என்று அவருக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. இப்போதுதான் எல்லையைத் தாண்டியவருக்குக் காங்கிரஸ் சட்டத்தில் எவ்வளவு கொடுத்திருக்கிறதோ அவ்வளவுதான் என்பது அதன் சாரம். எனக்கு அந்தத் தீர்ப்பில் உடன்பாடு இல்லை. ஆனாலும் அதுதான் இன்றைய சட்டம். அது எல்லையிலேயே பிடிபட்டவரின் வழக்கு. பதினான்கு வருடமாக உள்ளே வாழ்ந்து, முழு விசாரணை நடந்து, தீர்ப்பும் வாங்கிய உங்கள் கொழுந்தனாருக்கு அது பொருந்தாது. எத்தனை நாள் இருந்தார், எங்கே பிடிபட்டார், கையில் என்ன உத்தரவு இருக்கிறது என்பதைப் பொறுத்து உரிமையின் அளவு மாறும்.

இன்னொன்றும் நண்பர் கேட்பார்: ‘கில்மர் கும்பல் ஆள் என்கிறார்களே, மனைவியே 2021-ல் பாதுகாப்பு உத்தரவு கேட்டாரே, அவருக்காகவா வாதாடுகிறீர்கள்?’ இந்தக் கேள்விக்கு, ‘அவர் நல்லவர்’ என்று நீங்கள் பதில் சொல்லப் போகாதீர்கள். அவர் நல்லவரா என்பது உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் ஹார்வி வில்கின்சன் இதைத் தெளிவாக எழுதினார். அதிபர் ரீகன் நியமித்தவர், பழமைவாதி என்று பெயர் எடுத்தவர். கில்மர் கும்பல் ஆளாக இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். எப்படியானாலும் முறையான சட்ட நடைமுறைக்கு அவருக்கு உரிமை உண்டு. அரசுக்குத் தன் ஆதாரத்தின் மேல் நம்பிக்கை இருந்தால் அந்தப் பாதுகாப்பை ரத்து செய்ய மனுப் போட்டு ஜெயிக்கலாமே என்றார். அரசுக்கு அந்த வழி திறந்தேதான் இருந்தது. அதில் போகாமல் விமானத்தில் ஏற்றியதுதான் தவறு.

‘நாம சட்டப்படி இருக்கோம், நமக்கென்ன?’ என்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். வட கரோலினாவில் பிறந்த மார்க் லிட்டில் என்ற அமெரிக்கக் குடிமகனை, மனநலம் குன்றியவரை, மெக்சிகோக்காரர் என்று 2008-ல் நாடு கடத்தினார்கள். மத்திய அமெரிக்காவில் மாதக்கணக்கில் அலைந்த பிறகுதான் வீடு திரும்பினார். நான் குடிமகன், என் கிரீன் கார்டு செல்லும், என் ஹெச்-1பி இன்னும் முடியவில்லை என்று நிரூபிக்கும் இடமே விசாரணைதான். அதை ஒருவருக்கு இல்லை என்றால், அந்த ஒருவர் யார் என்பதை அதிகாரியே முடிவு செய்வார். கில்மர் வழக்கில் உச்ச நீதிமன்ற நீதிபதி சோட்டோமயோர் எழுதிய குறிப்பின் கவலையும் இதுதான்: நீதிமன்றம் தலையிடுவதற்குள் அனுப்பிவிட்டால் போதும் என்ற அரசின் வாதத்தை ஏற்றால், குடிமகனைக்கூட அப்படி அனுப்பிவிடலாம்.

கொழுந்தனார் கையில் இருப்பது எந்த அளவு பாதுகாப்பு

அவருக்குக் கிடைத்ததை வித்ஹோல்டிங் ஆஃப் ரிமூவல் (நாடு கடத்தலை நிறுத்தி வைப்பது) என்பார்கள். தஞ்சத்தைவிட இதை வாங்குவது கடினம். தஞ்சத்துக்கு நியாயமான அச்சம் போதும். பத்தில் ஒரு வாய்ப்பு இருந்தாலும் போதும் என்று 1987-லேயே உச்ச நீதிமன்றம் சொன்னது. இதற்கோ, திரும்பினால் துன்புறுத்தப்படும் வாய்ப்பு பாதிக்கு மேல் என்று காட்ட வேண்டும். காட்டிவிட்டால், நீதிபதி கொடுத்தே ஆக வேண்டும். அது அவர் விருப்பத்தில் இல்லை. அகதியை ஆபத்துக்குத் திருப்பி அனுப்பக் கூடாது என்ற சர்வதேசக் கடமையை 1980-ன் அகதிகள் சட்டத்தில் காங்கிரஸ் எழுதி வைத்ததிலிருந்து அப்படி.

அத்தனை கஷ்டப்பட்டு வாங்கினாலும் கிடைப்பது குறைவு. கிரீன் கார்டு கிடையாது, குடும்பத்தை அழைக்க முடியாது, வெளிநாடு போய் வர முடியாது. வீட்டில் ஒரு கதவை மட்டும் பூட்டிக் கொடுத்த மாதிரி: இலங்கை என்ற கதவு பூட்டியிருக்கிறது, மற்றவை எல்லாம் திறந்திருக்கின்றன. அவரை வேறொரு நாடு ஏற்றுக்கொண்டால் அங்கே அனுப்பச் சட்டத்தில் இடம் உண்டு. பல வருடங்களாக அதை யாரும் பெரிதாகப் பயன்படுத்தவில்லை, அதனால் நம்மவர்கள் பலரும் அது இல்லை என்றே நினைத்துவிட்டார்கள். 2025-ல் நிலைமை மாறியது. மூன்றாம் நாட்டுக்கு அனுப்பும் முன் முறையான அறிவிப்பும் பயத்தைச் சொல்ல வாய்ப்பும் தர வேண்டும் என்ற கீழ்க்கோர்ட்டு உத்தரவை ஜூன் 23-ந் தேதி உச்ச நீதிமன்றம் நிறுத்தி வைத்தது. ஜூலையில் ஐசிஇ வெளியிட்ட சுற்றறிக்கை, பொதுவாக 24 மணி நேர அறிவிப்பு, அவசரம் என்றால் 6 மணி நேரம்கூடப் போதும் என்றது. அந்த நாடு துன்புறுத்த மாட்டோம் என்று உறுதி கொடுத்து அதை அமெரிக்கா நம்பினால், அறிவிப்பே தேவையில்லை என்றும் சொன்னது. பயமா என்று அதிகாரி கேட்க வேண்டியதில்லை. நீங்களாகச் சொன்னால்தான் உண்டு. இந்தப் பகுதியில் வழக்குகள் ஓடிக்கொண்டே இருக்கின்றன. கையெழுத்து நாளுக்கு முந்தைய வாரம் நிலைமை என்ன என்பதை உங்கள் வழக்கறிஞரிடம் கேட்டே ஆக வேண்டும்.

இப்போது அந்தத் தீர்ப்புத் தாளை எடுங்கள். பெரும்பாலும் கட்டங்களில் குறி போட்ட ஒரு படிவமாக இருக்கும். தஞ்சம் என்பதற்கு நேரே மறுப்பு, வித்ஹோல்டிங் என்பதற்கு நேரே அனுமதி. அதே தாளில் நாடு கடத்தும் உத்தரவு என்று தனியாக எழுதியிருக்கிறதா, எந்த நாட்டின் பெயர் இருக்கிறது, சித்திரவதைக்கு எதிரான உடன்படிக்கையின் கீழ் கேட்டது என்ன ஆயிற்று, மேல்முறையீட்டு உரிமையை யார் விட்டுக்கொடுத்தார்கள் என்ற ஒவ்வொரு வரியும் முக்கியம். தாள் தொலைந்துவிட்டதென்றால் இமிக்ரேஷன் நீதிமன்றத்தில் கோப்பின் நகல் கேளுங்கள்; கட்டணம் இல்லை.

இந்தப் பாதுகாப்பு நிரந்தரமானதும் இல்லை. இலங்கையில் நிலைமை அடிப்படையிலேயே மாறிவிட்டது என்று காட்டி இதை ரத்து செய்யும்படி நீதிபதியிடம் அரசு கேட்கலாம். போர் 2009-ல் முடிந்தது, 2024-ல் ஆட்சி மாறியது என்பார்கள். பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ் நடந்த கைதுகள், உங்கள் மாமியார் குடும்பத்தை ஊரில் யாராவது விசாரித்து வந்ததற்கான கடிதங்கள் எல்லாவற்றையும் இப்போதிருந்தே சேர்த்து வையுங்கள். இலங்கைத் தூதரகத்தில் பாஸ்போர்ட் புதுப்பிக்கும் எண்ணம் இருந்தால் வழக்கறிஞரைக் கேட்காமல் செய்ய வேண்டாம். பயந்த அரசிடமே பாதுகாப்புக் கேட்டுப் போனீர்களே என்று அது அவருக்கு எதிராகத் திரும்பலாம்.

கையெழுத்துக்குப் போக வேண்டும்

உங்கள் கணவரின் பயம் எனக்குப் புரிகிறது. ஒழுங்காகக் கையெழுத்துப் போட வந்தவர்களையே பிடித்து வைத்த சம்பவங்கள் நடந்திருக்கின்றன. அப்படியிருந்தும், போகாமல் இருப்பது அதைவிட மோசமான முடிவு என்றுதான் சொல்வேன். போகாத அன்றே அவர் தலைமறைவானவர் ஆகிவிடுகிறார். வேலை செய்யும் இடத்தில், சாலையில், எங்கும் பிடிக்கலாம். இத்தனை வருடம் ஒருமுறைகூடத் தவறாமல் வந்தவர் என்பதுதான் நீதிபதி முன்னால் அவருக்கு இருக்கும் பெரிய பலம். அதை நம் கையாலேயே தூக்கிப் போடக் கூடாது. போவதற்கு முன் செய்ய வேண்டியவை:

வழக்கறிஞரைக் கூட அழைத்துப் போங்கள். அவர் ஆஜராவதற்கான ஜி-28 படிவத்தில் முன்கூட்டியே கையெழுத்து வாங்கிக்கொள்ளட்டும். இமிக்ரேஷன் வழக்கில் வழக்கறிஞர் வைத்துக்கொள்ள உரிமை உண்டு, ஆனால் செலவு நம்முடையது. அரசு வைத்துத் தராது.

ஆட்கொணர்வு மனு தயாராக இருக்கட்டும். மனுவை எழுதி, தேதி மட்டும் போடாமல் வைத்திருக்கச் சொல்லுங்கள். ஆள் எங்கே அடைக்கப்பட்டிருக்கிறாரோ அந்த இடத்து மத்திய நீதிமன்றத்தில்தான் போட வேண்டும். நியூ ஜெர்சியில் பிடித்தவர்களை லூசியானாவுக்கோ டெக்சாஸுக்கோ சீக்கிரமே மாற்றிவிடுகிறார்கள். இங்கே இருக்கும்போதே மனு விழுந்துவிட்டால், அதற்கப்புறம் மாற்றினாலும் வழக்கு இங்கேயே நிற்கும். இதில் சில மணி நேரம்கூட விலை உள்ளது.

பயத்தை எழுத்தில் கொடுங்கள். மூன்றாம் நாடு எதற்கும் அனுப்பும் முன் எழுத்தில் அறிவிப்பு வேண்டும், அங்கே எனக்கு என்ன பயம் என்று சொல்ல வாய்ப்பு வேண்டும் என்று ஒரு கடிதம். ஒரு பிரதி அவரிடம், ஒன்று வழக்கறிஞரிடம், ஒன்று அதிகாரியிடம். அவர் சில வருடம் திருச்சியில் இருந்தவர் என்றால் இந்தியாவின் பெயரும் பேச்சில் வரலாம். இந்தியா அகதிகள் உடன்படிக்கையில் கையெழுத்திடாத நாடு. அங்கிருந்து இலங்கைக்கு அனுப்பப்படும் ஆபத்தையும் கடிதத்தில் சேர்க்கச் சொல்லுங்கள்.

புரியாத எதிலும் கையெழுத்துப் போடக் கூடாது, அதுவும் தானாகவே நாட்டை விட்டுப் போக ஒப்புக்கொள்ளும் தாளில். தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று கேட்கலாம். உங்கள் இருவரின் போன் எண்ணும் அவருக்கு மனப்பாடமாக இருக்கட்டும். உள்ளே போனதும் போனை வாங்கிவிடுவார்கள். அவருடைய ஏ எண்ணை (குடியேற்றக் கோப்பு எண்) நீங்கள் எழுதி வைத்துக்கொள்ளுங்கள், ஐசிஇ-யின் தேடு பக்கத்தில் அதை வைத்துத்தான் கண்டுபிடிக்க முடியும். மருந்துச் சீட்டு, வங்கிக் கணக்குக்கான அதிகாரப் பத்திரம், இரண்டும் தயாராகட்டும்.

வேலை அனுமதி அட்டை முடியும் தேதியையும் பாருங்கள். புதுப்பிக்க மனுப் போட்டாலே பழையது தானாக நீளும் என்ற சலுகை 2025 அக்டோபர் இறுதியோடு போய்விட்டது. ஆறு மாதம் இருக்கும்போதே போட வேண்டும்.

வீட்டுக்கு அதிகாரிகள் வந்தால்: நீதிபதி கையெழுத்திட்ட வாரண்டா என்று ஜன்னல் வழியாகவோ கதவிடுக்கு வழியாகவோ கேட்டுப் படியுங்கள். ஐசிஇ அதிகாரியே கையெழுத்திட்ட நிர்வாக வாரண்டாக இருந்தால், கதவைத் திறக்கச் சம்மதம் தர வேண்டியதில்லை. மீறி உள்ளே வந்தால் தடுக்கவோ தள்ளவோ கூடாது. ‘எனக்குச் சம்மதம் இல்லை’ என்று மட்டும் சொல்லிவிட்டு, நடப்பதைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். மற்றதை நீதிமன்றத்தில் பார்த்துக்கொள்ளலாம்.

அம்மாவைப் பார்க்க

இதை எழுதக் கை வரவில்லை, ஆனாலும் ஒளிக்காமல் சொல்கிறேன். அவர் போகக் கூடாது. நாடு கடத்தும் உத்தரவு இருப்பவர் தானாக விமானம் ஏறினாலும், அந்த உத்தரவை அவரே நிறைவேற்றிக்கொண்டதாகத்தான் சட்டம் பார்க்கும். திரும்பி வர வழி இருக்காது. குறைந்தது பத்து வருடத் தடை வரும். ‘அட்வான்ஸ் பரோல் வாங்கித் தருகிறேன், போய்வரலாம்’ என்று யாராவது பணம் கேட்டால் நம்பாதீர்கள். கிரீன் கார்டு மனு நிலுவையில் இருப்பவர்களுக்கு அது சாதாரணமாகக் கிடைக்கும். இவருடைய நிலை வேறு. அண்ணன் குடிமகன் என்பதால் தம்பிக்கு மனுப் போடலாமே என்று கேட்டிருந்தீர்கள்: போடலாம், ஆனால் அந்த வரிசை பதினைந்து வருடத்துக்கும் மேல், முறை வந்தாலும் இவருடைய பழைய உத்தரவும் நுழைந்த விதமும் குறுக்கே நிற்கும்.

அம்மா பயணம் செய்யும் அளவுக்குத் தேறினால் வேறொரு வழி உண்டு. குடிமகனான உங்கள் கணவர் அம்மாவுக்கு மனுப் போடலாம். பெற்றோருக்கு வருட வரம்பு கிடையாது. அதற்கான காலம் இருக்குமா என்பதை மருத்துவர்தான் சொல்ல முடியும். இப்போதைக்கு உங்கள் கணவர் போகட்டும். தம்பியின் இடத்திலும் நின்று பார்த்துவிட்டு வரட்டும். தம்பியிடம் இதைச் சொல்லும்போது, ‘வக்கீல் வேண்டாம் என்கிறார்’ என்று என் மேலேயே போடுங்கள். வீட்டில் யாரும் தடுத்ததாக இருக்க வேண்டாம்.

ஊர்வலம்

கிரீன் கார்டுக்காரருக்கும் பேச்சுரிமை உண்டு. அமைதியான ஊர்வலத்தில் நடப்பது குற்றம் இல்லை. ஆனால் 2025 மார்ச்சில் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் பாலஸ்தீனத்துக்காகப் போராடிய கிரீன் கார்டுக்காரர் ஒருவரைப் பிடித்து, லூசியானாவுக்குக் கொண்டுபோய், மூன்று மாதத்துக்கு மேல் அடைத்து வைத்ததும் நடந்திருக்கிறது. உங்கள் வீட்டில் ஏற்கெனவே ஒருவருடைய வழக்கு நூலில் தொங்கும்போது, நீங்களும் ஒரு வழக்கில் மாட்டினால் குடும்பம் தாங்காது. இந்தத் தடவை கணவர் போகட்டும். நீங்கள் கொழுந்தனாரின் ஐசிஇ விவரத்தோடு உங்கள் தொகுதி காங்கிரஸ் உறுப்பினரின் அலுவலகத்துக்கு எழுதுங்கள். மேரிலாந்து செனட்டர் கிறிஸ் வான் ஹாலன் எல் சால்வடோருக்கே போய்ப் பார்த்த பிறகுதான், கில்மர் கார்சியா உயிரோடு இருக்கிறார் என்பதை அவர் குடும்பம் கண்ணால் பார்த்தது. அந்த அலுவலகங்களுக்கு எழுதுவதற்கு நீங்கள் குடிமகளாக இருக்க வேண்டியதில்லை. வெளியே போகும்போது கிரீன் கார்டைக் கையில் வைத்திருங்கள். பதினெட்டு வயதுக்கு மேற்பட்டவர்கள் அதை உடன் வைத்திருப்பது சட்டப்படி கட்டாயம்.

கடைசியாக ஒன்று. உங்கள் கடிதத்தில் கணவர் பேசுகிறார், நண்பர் பேசுகிறார், நீங்கள் பேசுகிறீர்கள். அம்மாவைப் பார்க்க வேண்டும் என்ற ஒரு வரியைத் தவிர கொழுந்தனார் எதுவும் பேசவில்லை. வழக்கறிஞரிடம் போகும்போது முதல் ஒரு மணி நேரம் அவரைத் தனியாக உள்ளே அனுப்புங்கள். நீங்களும் கணவரும் வெளியே உட்காருங்கள். அண்ணன் முன்னால் சொல்லக் கூச்சப்பட்டு 2016 விசாரணையில் சொல்லாமல் விட்ட ஏதாவது இருக்கலாம். அதிகாரியிடமோ நீதிபதியிடமோ முதன்முறையாக அது வெளியே வந்தால், முன்பு ஏன் சொல்லவில்லை என்று அவருடைய நம்பகத்தன்மையையே கேள்வி கேட்பார்கள். வழக்கறிஞரிடம் முதலில் வந்துவிட்டால், எப்படிச் சொல்வது என்று அவர் பார்த்துக்கொள்வார். கையெழுத்து நாளுக்கு முன் குறைந்தது இரண்டு வாரமாவது கையில் இருக்கும்படி இந்தச் சந்திப்பை வையுங்கள்.